ஆடு ஏறிய தேவாலயம்

மடுல்சீமைத் தோட்டத்தில் உபதேசியாராகச் சேர்ந்த முதல் ஞாயிறே என் மடத்தனத்தை ஊரறியச் செய்தேன். நல்ல மேய்ப்பனைப் பற்றிய பிரசங்கத்துக்கு உயிர் வரட்டும் என்று, கீழ் லயத்து வரிசை வீடொன்றில் குடியிருந்த முத்தம்மாவிடம் ஓர் ஆட்டை இரவல் வாங்கித் தேவாலயத்துக்குள் கூட்டிப்போனேன். நான் மேய்ப்பனின் அன்பை விளக்கி முடிப்பதற்குள் அது பீடத்துப் பூக்களைத் தின்று முடித்து, என் அங்கியில் வாய் வைத்தது. சபை அன்றுதான் தூங்காமல் பிரசங்கம் கேட்டது. இனி ஆடு படியேறக் கூடாது என்று பதுளையிலிருந்த போதகர் உத்தரவு போட்டார்.

போன வருஷத்து மழையில் கீழ் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. உடனே வெளியேறுங்கள் என்று கிராம சேவகர் சொன்னார். எங்கே போவது என்று சொல்லவில்லை. பாறைமேல் நிற்கும் ஒரே கட்டடம் எங்கள் தேவாலயம். மூட்டை முடிச்சுகளோடு எல்லோரும் அதன் வாசலில் வந்து நனைந்தார்கள். சாவி என்னிடம்தான். போதகருக்குப் போன் போட்டேன்.

"சபைக்காரங்கள மட்டும் உள்ள எடுங்க. புதுக் கார்ப்பட் போட்டிருக்கு. மத்தவங்களுக்கு அவங்க கோயில் இருக்குதானே?"

அந்த மாரியம்மன் கோயில் சரியப்போகும் அதே மண்ணில் இருந்தது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுத் தொலைந்த ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றி வருஷாவருஷம் கண்ணீர் விட்டுப் பேசுகிறவர் இவர். நான் வாசலில் நின்று ஆள் பிரிக்க வேண்டுமாம். கசாப்புக் கடைக்காரன்கூட ஆட்டிடம் மதம் விசாரிப்பதில்லை.

கதவைத் திறந்துவிட்டேன். எல்லோரும் ஏறினார்கள். முத்தம்மாவின் ஆடும் ஏறியது. அன்று மாலையே லயத்தில் பாதி மண்ணுக்குள் போனது. உள்ளே ஆள் இல்லை.

மண் மூடிய பாதை திறந்ததும் போதகர் வந்தார். லயத்தைப் பார்க்கப் போகவில்லை. கார்ப்பட்டைப் பார்த்தார், அதில் கிடந்த ஆட்டுப் புழுக்கையைப் பார்த்தார்.

"இந்த மந்தைக்கு மேய்ப்பன் நான். ஒங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

மழை விட்டபாடில்லை. சனங்களை இன்றே அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கோபம் வந்தால் எனக்கு நாடகம் நன்றாக வரும். அங்கியைக் கழற்றி வாங்குப் பலகையில் எறிந்தேன். கார்ப்பட்டை மேய்க்கிறவரிடம் இனி வேலை செய்ய மாட்டேன், இப்போதே பசறை பஸ் ஏறுகிறேன் என்று முழங்கினேன். யாராவது கையைப் பிடித்து நிறுத்துவார்கள் என்று வாசலில் கொஞ்சம் நின்றும் பார்த்தேன்.

முத்தம்மா பிள்ளைக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"சாவிய வச்சிட்டுப் போங்க."