ஏழாம் மாதத்தில் ஏறிய மலைப்படிகள்

"தினமும் நடங்கம்மா. ஆனா மூச்சு வாங்குற அளவுக்கு வேணாம்" என்றார் டாக்டர். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று, ஏழாம் மாதத்தில் திருத்தணி மலைப்படிகளைத் தினமும் ஏறினேன். வீட்டில் கேட்டால், அடிவாரம் வரை நடந்ததாகச் சொல்வேன்.

அன்று காவடிக்காரர்கள் "அரோகரா" என்று கூவியபடி என்னைக் கடந்தார்கள். பதிலுக்குச் சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

படியோரம் கற்பூரம் விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்கா அதைக் கவனித்துவிட்டார்.

"அரோகரா சொல்லக்கூட மூச்சு இல்ல, எங்கம்மா ஏறிகினு போற? உக்காரு. கொழந்த அசையுதா?"

வயிறு கல்லாக இறுகியிருந்தது. உள்ளே அசைவே இல்லை.

"தெரியலக்கா."

"தெரியலயா? கடை கெடக்கட்டும், வா."

என்னை மெல்லக் கீழே இறக்கி, ஆட்டோவில் அவரும் கூடவே வந்தார். வழியெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தேன். நானே கொன்றுவிட்டேனோ?

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் வயிற்றில் கருவியை வைத்தார். முதலில் வெறும் இரைச்சல். பிறகுதான் இதயத் துடிப்பு கேட்டது.

மகளுக்கு இப்போது நான்கு மாதம். டாக்டரைக் கேட்டுவிட்டு, சமதரையில் அவளைத் தூக்கிக்கொண்டு பேசியபடியே நடக்கிறேன். பேச்சு தடைபட்டால் நின்றுவிடுகிறேன். நின்றதும் முதலில் பார்ப்பது, அவளுக்கு மூச்சு வருகிறதா என்றுதான்.