புர்சாவுக்கு எடுத்துச் சென்ற கேள்வி

2002 அக்டோபர் 20, ஞாயிறு. துருக்கியின் புர்சா நகரிலிருந்து இஸ்னிக் ஏரிக்குச் சென்ற பேருந்து, காலை 9.20 மணிக்கு, மழையில் நனைந்திருந்த சாலையில் சறுக்கிக் கவிழ்ந்தது. இறந்தவர் ஒருவர்: நளினி, வயது இருபத்தாறு, பிசியோதெரபிஸ்ட், பெங்களூர் அல்சூரைச் சேர்ந்தவர். நடக்க இயலாத குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றில் ஐந்து மாதங்களாகத் தன்னார்வப் பணி செய்துவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பார்க்கப் புறப்படுவது வழக்கம். உடல் 26ஆம் தேதி பெங்களூர் வந்தது. அவர் என் மகள்.

2003 மே 12, திங்கள். நளினியின் பொருள்களைப் பெற்றுக்கொள்ள நானும் என் மனைவியின் தம்பி சேகரும் புறப்பட்டோம். வீட்டிலிருந்து விமான நிலையம் எட்டு கிலோமீட்டர். பொருள்களைத் தபாலிலேயே அனுப்பிவிடுவதாக அந்த இல்லத்தார் எழுதியிருந்தார்கள். நான் நேரில் சென்றதற்குக் காரணம் வேறு.

புர்சாவில் நளினி தங்கியிருந்தது நெர்மின் என்ற ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியையின் வீட்டில். தான் வெளியூருக்குப் புறப்படும்போதெல்லாம் அந்த அம்மையார் பின்னாலேயே வந்து தெருவில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவதாக நளினி ஒருமுறை தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னாள். தண்ணீரைப் போலத் தடங்கலின்றிப் போய் வர வேண்டும் என்பது அதன் பொருளாம். நம் வீடுகளில் ஒருவர் பயணம் புறப்பட்டபின் வாசலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வோம். பிணம் போன பிறகுதான் வீட்டைக் கழுவிவிடுவது. வேறு இடம் பார்த்துக்கொள் என்று என் மனைவி வத்சலா அன்றே மன்றாடினாள். நளினி கேட்கவில்லை.

அக்டோபருக்குப் பின் அந்த அம்மையாரிடமிருந்து வந்த இரண்டு கடிதங்களையும் வத்சலா பிரிக்க விடவில்லை. நான் புறப்பட்ட அன்று வாசல்வரை வந்து சொன்னாள்:

“அன்னிக்கும் அந்தம்மா தண்ணி ஊத்துனாளான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. வேற எதுவும் எனக்கு வேணாம்.”

மே 13, செவ்வாய். மும்பை, துபாய் வழியாகப் பிற்பகலில் இஸ்தான்புல். யெனிகாபி துறையிலிருந்து யாலோவாவுக்கு விரைவுப் படகில் ஒரு மணி நேரம். அங்கிருந்து எழுபது கிலோமீட்டர் பேருந்து. ஆலிவ் தோப்புகள் நெடுந்தூரம் உடன்வந்தன. புர்சா ஒரு மலையின் மடியில் சரிந்து கிடக்கும் நகரம். மே மாதத்திலும் உலுதா என்னும் அம்மலையின் உச்சியில் பனி இருந்தது. நெர்மின் அம்மையார் நிலையத்துக்கே வந்திருந்தார். வயது அறுபதைக் கடந்திருக்கும், ஒடிசலானவர். என் கையைப் பற்றிக்கொண்டார். தம் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று அந்த இல்லத்தார் மூலம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். நான் சம்மதித்ததை வத்சலாவிடம் மறைக்கவில்லை.

மே 14, புதன். நளினி தான் பார்த்த இடங்களை எண்ணிட்டுக் கடிதங்களில் எழுதுவாள். அந்த வரிசையிலேயே பார்ப்பதென்று முடிவு செய்தேன். முதலாவது, பெரிய பள்ளிவாசல். நடுவில் கண்ணாடி வேய்ந்த ஒரு குவிமாடம். அதன்கீழ், கட்டடத்துக்குள்ளேயே, ஒரு நீரூற்று. அதைச் சுற்றி அமர்ந்து மக்கள் கைகால் கழுவிக்கொள்கிறார்கள். ஓசை அடங்கிய அந்தப் பெருங்கூடத்தில் நீரின் சத்தம் ஒன்றே கேட்டது. உடன் வந்த நெர்மின் அம்மையாரிடம் அங்கேயே கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் மொத்தம் எத்தனை குவிமாடங்கள் என்றுதான் கேட்டேன். இருபது என்றார்.

இரண்டாவது, பட்டுக்கூடு விற்பதற்கென்று ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட கோசா ஹான் என்னும் முற்றம். இப்போது பட்டுத் துணிக் கடைகள். பெங்களூருக்கு அருகே ராமநகரத்துப் பட்டுக்கூட்டுச் சந்தையில் மூக்கைத் துளைக்கும் நெடி இங்கே இல்லை. மரநிழலில் தேநீர் அருந்தினோம். கோப்பை ஐந்து லட்சம் லிரா. நம் பணத்தில் பதினைந்து ரூபாய்க்கு மேல்.

“மூணு டீ பதினஞ்சு லட்சம், மாமா” என்றான் சேகர். “மல்லேஸ்வரத்துல ஒரு வீட்டு சைட்டையே குடிச்சு முடிச்சிட்டோம்.”

ஏழு மாதங்களில் முதன்முறையாகச் சிரித்தேன் என்பதைக் குறித்துவைக்கிறேன்.

மே 15, வியாழன். மூன்றாவது, பச்சைக் கல்லறை. பெயர்தான் பச்சை; ஓடுகள் நீலம். நளினியும் அவ்வாறே எழுதியிருந்தாள். அன்றும் நான் கேட்கவில்லை.

மே 16, வெள்ளி. மலைப்பாதையில் இன்காயா என்ற சிற்றூரில் அறுநூறு வயது என்று சொல்லப்படும் ஒரு பிளேன் மரம், காஷ்மீரத்துச் சினார் வகை. கிளைகளைத் தாங்குவதற்கு முட்டுகள் கொடுத்திருக்கிறார்கள். அதன்கீழ் பிற்பகல் மூன்று மணிக்கு, நான் கேட்பதற்கு முன்பாகவே அம்மையார் பேசினார். ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் தண்ணீர் ஊற்றுவதை நளினி உங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு ஏன் ஊற்றவில்லை என்று கேட்க வந்திருக்கிறீர்கள்.”

அவர் நினைத்ததை நான் திருத்தவில்லை.

“என் தங்கையோடு போனில் இருந்தேன். நளினி கதவருகே நின்று சொன்னாள், ‘இறங்கி வராதீர்கள், இஸ்னிக்தானே, மாலையில் வந்துவிடுவேன்’ என்று. நான் இறங்கவில்லை. அவள் ஒருத்தியைத்தான் அப்படி அனுப்பினேன்.”

அவர் அழுதார். சாலை ஈரமாக இருந்தது என்றேன். காவல்துறை அறிக்கையில் உள்ள காரணம் அதுதான்.

சற்றுத் தள்ளி என்னை அழைத்துச் சென்ற சேகர், தாழ்ந்த குரலில் அவசரப்பட்டான். “அக்காவுக்கு இப்பவே போன் போடலாம், மாமா. ஊத்தலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவ மனசு ஆறிடும்.”

“ஊத்தலையேன்னுதான் இவங்க அழறாங்க, சேகர்.”

நம் வழக்கத்தைப் பற்றி அம்மையாரிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவனிடம் சொல்லிவைத்தேன். எங்கள் வீட்டில் அவரை விடுவிக்கப்போகும் அதே செய்தி, அவர் வீட்டில் அவரைத் தண்டித்துக்கொண்டிருந்தது. நாற்பது ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன் நான். ஒன்றையடுத்து மற்றொன்று நிகழ்வதால் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த மரத்தடியில் அது ஒருவருக்கும் பயன்படவில்லை.

மே 18, ஞாயிறு. காலை 8.00. டாக்சி வந்தது. நளினியின் பெட்டியைச் சேகர் ஏற்றினான். அம்மையார் வாசற்படியில் வெறுங்கையுடன் நின்றார். கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கேட்டேன்.

அவர் உள்ளே போனதும் சேகர் என் கையைப் பிடித்தான். “வேணாம், மாமா. அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் தோலை உரிப்பா.”

“தெரியட்டும். நீ ஏறு.”

அவர் திரும்பி வரச் சற்று நேரமாயிற்று. வண்டி நகர்ந்ததும் ஊற்றினார். சரிவான தெரு, தண்ணீர் எங்களுக்கு முன்னால் ஓடியது.

மே 19, திங்கள். மாலை 5.30, அல்சூர். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வத்சலா கேட்டாள்: “கேட்டீங்களா?”

அன்று ஊற்றவில்லை என்றேன். ஊற்றாததால்தான் அப்படி ஆயிற்று என்று அந்த அம்மையார் நம்புவதையும், அழுததையும் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்போ இனிமே நான் யாரைத்தான் சொல்றது?”

புர்சாவையும் பெங்களூரையும் ஒப்பிட்டு எழுதும்படி நண்பர்கள் கேட்டார்கள். ஊருக்கு ஒருவராக இரண்டு பெண்கள், ஒரே காலைப்பொழுதை விட்டு வெளியே வர முடியாமல் இருக்கிறார்கள் என்பதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

செய்யாமல் நிற்பவை:

இஸ்னிக் ஏரி. நளினியின் வரிசையில் அடுத்தது. நான் போகவில்லை.

பெட்டி. இன்னும் திறக்கவில்லை.

பிரிக்காத இரண்டு கடிதங்கள்.

இது அச்சாகும் முன் வத்சலாவிடம் சொல்ல வேண்டியது: எங்களுக்கும் தண்ணீர் ஊற்றப்பட்டது, நான் கேட்டுத்தான்.

நெர்மின் அம்மையாருக்கு எழுத வேண்டியது: இருவரும் நலமாக வீடு வந்து சேர்ந்தோம்.