வீட்டில் இரண்டு மூச்சு

சுவருக்கு வெளியே இருந்தபடியே, உள்ளே எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று ரேடியோ அலையால் எண்ணும் கருவி. அதைச் சோதிக்க ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவர் புக்கிட் செலம்பாவில் என் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

சன்னல் வழியே கேட்டார்: “தனியாத்தானே இருக்கீங்க அண்ணே? ரெண்டு மூச்சு காட்டுது.”

“என் தொப்பைக்குத் தனியா ஒன்னு போட்டிருக்கும் லா.”

வெளியே வரச் சொன்னார். வந்தேன். திரையில் ஒரு மூச்சு உள்ளேயே இருந்தது. கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் மோட்டாரில் ஏறி ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டேன்.

“மிஷின் கோளாறுதானே தம்பி?”

கண்ணாடியைத் துடைத்தார். “என் வீட்டுலயும் இப்படித்தான் காட்டுது. பழகிடும்ணே.”

என்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியவர், காலி வீட்டைப் பார்த்தும் ஒருமுறை தலையசைத்தார். தேற்றினாரா, பயமுறுத்தினாரா, தெரியவில்லை. அன்றிலிருந்து என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன்.