மரக்குதிரையில் படித்த மாப்பிள்ளை

நான் ஒரு குதிரைக்குக் கடிவாளம் பிடித்தவன் என்று சொன்னால் நம்புவீர்களா? வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்கள் நம்ப மாட்டீர்கள். மாட்டு வண்டியில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் சென்ற மாதம் முழுவதும் பின்னேரங்களில் எனக்கு அதுதான் வேலை... குதிரை மட்டும் மரக்குதிரை.

காரணம், என் மைத்துனன் இராசரத்தினம். என் மனைவியின் தம்பி. கிளறிக்கல் சோதனையில், அதாவது அரசாங்கக் குமாஸ்தாப் பரீட்சையில், இரண்டு முறை கோட்டை விட்டவன். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிறகு ஒருவன் என்ன செய்யலாம்? மூன்றாம் முறை எழுதலாம் — அல்லது மலாயாவுக்குக் கப்பல் ஏறலாம். இவன் குதிரை படிக்கப் போகிறேன் என்றான்.

இந்தியாவில் ஒரு கல்லூரியில் இரண்டு வருஷக் கோர்ஸ். குதிரை வளர்ப்பது, பழக்குவது, நோய் பார்ப்பது, லாயத்தை நிர்வகிப்பது எல்லாம் அதில் அடக்கம். படித்து வந்தால் பந்தயத் திடல், பொலிஸ் குதிரைகள், மலைநாட்டுத் துரைமாரின் லாயங்கள் என்று உத்தியோகம் காத்திருக்கிறதாம். கொழும்பில் ஒரு வெள்ளைக்கார ஒபீசர் ஆள் தெரிவு செய்கிறார். எழுத்துச் சோதனை கிடையாது. ஒரு குதிரைக்குக் கடிவாளம் பூட்டி, சேணம் வைத்து, நடத்திக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? இராசரத்தினம் அதுவரை ஒரு குதிரையைத் தொட்டதே இல்லை.

புத்தகம் வரவழைத்துப் படித்துவிட்டான். பல்லைப் பார்த்து வயது சொல்வான் — படத்தில். நம்மவர்களுக்குப் புத்தகம் ஒன்று கிடைத்தால் போதும், யானையைக்கூடப் பாடமாக்கிவிடுவோம். ஆனால் படத்துக்குச் சேணம் பூட்ட முடியுமா? பட்டணத்தில் வண்டிக்குதிரை வைத்திருப்பவர்கள் தொட விடவில்லை. நெடுந்தீவில் குதிரைகள் உண்டு. அவை தம்பாட்டில் திரிகின்றன. முதலில் அவற்றைப் பிடிக்க வேண்டுமே...

மிஞ்சியது எங்கள் கோயில் குதிரை வாகனம். வேட்டைத் திருவிழாவில் சுவாமி ஏறிவரும் குதிரை. முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாய்கிற நிலையில் செய்திருக்கிறார்கள். வாயும் திறந்தபடி இருக்கிறது. கடிவாளம் வைக்க வசதி. வாகனசாலைச் சாவி கோயில் மனேச்சர் வேலுப்பிள்ளையரிடம். சிக்கலும் அங்கேதான். அவருடைய மகள் நாகம்மாவைத்தான் இராசரத்தினத்துக்குப் பேசி வைத்திருந்தது. உத்தியோகத்துக்கு ஒரு வழி பிறந்தால் கல்யாணம். இல்லையென்றால் ஆவணி பிறந்ததும் வேறு இடம் பார்ப்பதாக மனிதர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவரிடம் போய்ச் சாவி கேட்கிற வேலை யார் தலையில் விழும்? அத்தான் தலையில்தான்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். குதிரைக்குப் பின்னால் திரிகிறவனுக்கா என் பெண் என்றார். பென்சன் உள்ள உத்தியோகம் என்றேன். முகம் கொஞ்சம் இளகியது. பென்சன் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் உள்ள மகிமை வேறு எதற்கு உண்டு? அந்தச் சூட்டோடு, எங்கள் வாகனத்தைப் போல லட்சணமான குதிரை பட்டணத்திலும் இல்லை என்று ஒரு போடு போட்டேன். அவருடைய மேற்பார்வையில் செய்த வாகனம் அது. எழுந்துபோய்ச் சாவியை எடுத்து வந்தார்.

ஆனால் நிபந்தனைகள் உண்டு. குளித்துவிட்டு வர வேண்டும். சேர்ட்டைக் கழற்ற வேண்டும். காலில் சப்பாத்துக் கூடாது. முதலில் ஒரு தரம் வலம் வந்து, பிறகுதான் தொடலாம். தோல் சாமான் எதுவும் உள்ளே வரக் கூடாது. தோல் இல்லாமல் சேணமா? நாங்கள் விழித்துக்கொண்டு நின்றபோது, நாகம்மா சாக்கில் வைக்கோல் திணித்து ஒரு சேணம் தைத்து அனுப்பினாள். அன்றைக்கு இராசரத்தினத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் — பல்லக்கு வந்தால்கூட ஒருவன் அவ்வளவு பூரித்துப் போகமாட்டான்.

பின்னேரம் தோறும் வகுப்பு. மரக்குதிரை அசையாதே? ஆகவே அசைகிற பொறுப்பு எனக்கு. கயிற்றைப் பிடித்து இழுப்பேன், திமிறுவேன், சமயத்தில் உதைக்கவும் செய்வேன். மனேச்சர் ஒரு பக்கத்தில் குந்தியிருந்து, வலம் வராமல் எவனாவது கை வைக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய தொல்லை சேணம்தான். குதிரை பாய்கிற நிலையில் இருப்பதால் அது பின்னால் வழுக்கும். வயிற்றுப் பட்டியை ஒரு முறை இறுக்கி, சற்றுப் பொறுத்து மறுபடியும் இறுக்கினால்தான் நிற்கும். செய்து செய்து அவனுக்குக் கை பழகிவிட்டது.

போன வாரம் கொழும்பு. நானும் துணைக்குப் போய் வேலியோரத்தில் நின்றேன். மற்றவர்கள் பளபளக்கும் சப்பாத்தோடு விறுவிறென்று போய்க் கடிவாளத்தைப் பிடித்தார்கள். குதிரை தலையை உதறியது. ஒருவருடைய தொப்பியைக் கவ்விக் கீழே போட்டது. பிறகு எங்கள் ஆளைக் கூப்பிட்டார்கள்.

குதிரையைக் கண்டதும் நின்றான். பிறகு... சேர்ட்டைக் கழற்றினான். அதை இடுப்பில் சுற்றிக் கட்டினான். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தான். அதோடு விட்டானா? வெறுங்காலோடு குதிரையை மெதுவாக ஒரு தரம் வலம் வந்தான். படிப்பும் போச்சு, பெண்ணும் போச்சு என்றே நினைத்தேன். விழுந்து கும்பிடாமல் விட்டானே, அந்த மட்டில் பிள்ளையார் காப்பாற்றினார்.

ஆனால் குதிரை பேசாமல் நின்றது. காதை மட்டும் அவன் போகிற பக்கமெல்லாம் திருப்பியது. கடிவாளம் ஏறியது. சேணம் ஏறியது. பட்டியை இறுக்கினான்; பொறுத்து, மறுபடியும் இறுக்கினான். ஒபீசர் தலையை ஆட்டினார். பட்டி இறுக்கும்போது குதிரை வயிற்றை ஊதிக்கொண்டு ஏமாற்றுமாம். இரண்டாந்தரம் இறுக்குகிறவன்தான் விஷயம் தெரிந்தவனாம்!

சேர்ட்டை ஏன் கழற்றினாய் என்று ஒபீசர் கேட்டார். எங்கள் ஊரில் குதிரைக்குக் கிட்ட இப்படித்தான் போவோம் என்றான் இவன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தொடுவதற்கு முன் சுற்றி வந்து பார்க்கிற ஊர் நல்ல ஊர் என்று சொல்லி, ஒபீசர் கை கொடுத்தார். அங்கேயே தெரிவாகிவிட்டது.

திரும்பி வரும் ரெயிலில் அவன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

“அத்தான், அது மூச்சு விட்டுது. கையிலை சூடாப் பட்டுது. அதை நான் நினைச்சே பாக்கேல்லை, பயந்து போனன்” என்றான்.

எனக்கு அவன்மேல் அன்று வந்த பாசத்தை மறைக்க விரும்பவில்லை. புத்தகம் முழுவதும் படித்தவன், மூச்சைக் கண்டு பயந்து, அந்தப் பயத்தோடேயே மெதுவாக வேலையை முடித்தானே... அதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும்?

மனேச்சருக்குத் தலைகால் புரியவில்லை. எங்கடை கோயில் குதிரையிலை படிச்ச பொடியன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆனால் நாங்கள் அவர் வீட்டுக்குப் போய்க் கல்யாணப் பேச்சை எடுத்ததும் பின்வாங்கினார். இரண்டு வருஷம் படித்து முடித்து வரட்டும், பிறகு பார்ப்போம் என்றார். இப்போதே கட்டிக்கொடுத்து, உதைக்கிற மிருகங்கள் நிற்கிற இடத்துக்கு ஒரு பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது என்று கேட்டார். இராசரத்தினம் தலையைக் குனிந்துகொண்டான்.

நாகம்மா கதவடிக்கு வந்தாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காத பெண். அவனைப் பார்த்து நேரே கேட்டாள்.

“குதிரை உங்களுக்கு உதைச்சுதோ?”

“இல்லை.”

“கடிச்சுதோ?”

“இல்லை.”

தகப்பன் பக்கம் திரும்பினாள். “அப்ப நானும் அவரோடை போறன், அப்பு.”

மனேச்சர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல நான் ஏதாவது உபதேசம் செய்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

நான் சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.