வாசனையில்லாத கோட்டு

கடலில் எண்ணெய் கொட்டிய கப்பல் எது, அதற்கு எண்ணெய் நிரப்பியவன் அன்று காலை பல் தேய்த்தானா என்பது வரை ஒரே ஒரு மீனை முகர்ந்து சொல்லிவிடுவாள் அவள். சரி, பல் விஷயம் நான் சேர்த்தது, கப்பலும்தான். ஆனால் மீனிலும் சிப்பியிலும் எண்ணெய் வாடை இருக்கிறதா என்று சொல்வதில் அவளை மிஞ்ச அந்த ஆய்வுக்கூடத்தில் ஆளில்லை. 'மூக்கு' என்றுதான் அங்கே அவளைக் கூப்பிடுவார்கள். முதலில் மூக்கு முகரட்டும், பிறகு இயந்திரம் அளக்கட்டும் என்பது அங்கே முறை.

அந்த மூக்குக்காக வீடே பத்தியம் இருந்தது. சோதனை நெருங்கினால் வாசனைச் சோப்பு கூடாது, தைலம் கூடாது, வெங்காயம் வதக்கக் கூடாது. தான் பெண்ணைக் கட்டவில்லை, மூக்குக்கு வாழ்க்கைப்பட்டிருப்பதாகக் கணவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அவள் தம்பி விரிகுடாவில் கயிறு கட்டிச் சிப்பி வளர்ப்பவன். எண்ணெய் பரவியதும் அறுவடைக்குத் தடை விழுந்தது. இந்தப் பருவமும் போனால் படகை விற்க வேண்டியதுதான். தடை நீங்குவதோ அக்காளையும் சேர்த்துச் சில மூக்குகளின் கையில் இருந்தது.

அதனால் தம்பி ஓர் உபகாரம் செய்தான். அக்காளின் வெள்ளைக் கோட்டை வீட்டில் உலர்த்தினால் சமையல் வாடை ஏறும், மாடியில் உலர்த்தினால் பக்கத்து வீட்டுச் சோப்பு வாடை ஏறும். வெறும் தண்ணீரில் அலசித் தன் படகில் காயப்போட்டான். டீசல் எஞ்சின் சூட்டில் சீக்கிரமே காய்ந்தது. மடித்துப் பைக்குள் போட்டு இறுகக் கட்டியும் கொடுத்தான்.

மறுநாள் அவள் முகர்ந்து பார்க்கும் தன் தடுப்பறைக்குள் உட்கார்ந்த பிறகுதான் பையைப் பிரித்துக் கோட்டை மாட்டினாள். மாட்டி முடிக்கும் முன்பே வேகவைத்த சிப்பிக் கிண்ணங்கள் வந்தன. மேலே எண் மட்டும் இருக்கும். எது எந்த இடத்துச் சிப்பி என்று முகர்பவருக்குத் தெரியாது. முதல் கிண்ணத்தில் எண்ணெய். அடுத்ததிலும் எண்ணெய். எல்லாவற்றிலும் எண்ணெய்.

அங்கேதான் அவளுக்கு உதைத்தது. கிண்ணங்களில் ஒன்று எப்போதும் எண்ணெய் படாத தூரக் கடலிலிருந்து வந்ததாக இருக்கும். அதுவும் நாறினால் கோளாறு சிப்பியில் இல்லை. அவள் மணியை அழுத்தினாள். மேற்பார்வையாளர் வந்து குனிந்தார், நிமிர்ந்தார்.

"கிண்ணத்தை விடும்மா. கோட்டைக் கழட்டு."

மூக்கே மூக்கறுபட்ட கதை கூடம் முழுக்கப் பரவியது. அவளுக்கு மட்டும் அடுத்த நாள் புதுக் கோட்டு, புதுக் கிண்ணங்கள். அன்று எல்லாம் சுத்தம், ஒன்றைத் தவிர. மற்ற மூக்குகளும் அதையே சொல்லியிருந்தன. எந்த எண் யாருடையது என்று பார்த்தபோது அது தம்பியின் கயிற்றுச் சிப்பி.

தம்பியிடம் அவளே போய்ச் சொன்னாள்.

"இதுவும் கோட்டாத்தான் இருக்கும்க்கா."

"கோட்டு இல்லடா. உன் சிப்பிதான்."

"லேசாவா, நிறையவா?"

"லேசா."

"லேசுன்னா விட்டிருக்கலாமே."

"லேசாத்தான் இருந்துச்சு. ஆனா இருந்துச்சேடா."

படகு கைமாறியது. அக்காளும் தம்பியும் அதற்கப்புறம் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் கதையை இந்த இடம் வரை சொன்னபோது, மூலையில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த தம்பி தலையைத் தூக்கினான்.

"படகு போனது நிஜம். ஒரு வருஷம்ங்கிறது பொய். அக்கா வந்து சொன்ன அன்னைக்கு மதியமே அவ வீட்லதான் சாப்பிட்டேன். சோதனை முடிஞ்சிருச்சுன்னு வெங்காயத்தை நல்லா வதக்கி வச்சிருந்தா. வாய் நிறைய சாப்பாட்டை வச்சுக்கிட்டு என்னத்தப் பேச?"