சோக் கேபிள் புகைந்த ஜீப்

அண்ணனிடமிருந்து போன் வந்தபோது நான் ஐ.டி.ஐ. பட்டறையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்த எண் என் போனில் பல வருடமாக இருந்தது. அதிலிருந்து அழைப்பு வந்ததில்லை. வேறு சாதிக்காரரை என் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அம்மா இருந்தவரை அவள் வழியாகச் செய்தி போகும், வரும். அம்மாவின் காரியத்தன்று இருவரும் ஒரே பந்தலில்தான் இருந்தோம். அப்போதும் பேசவில்லை.

"ஜீப்பு ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது," என்றான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "டவுன்லேர்ந்து ரெண்டு பேரு வந்து பாத்துட்டாங்க. செல்ஃப் அமுக்கினா புகை வருது. நீ இதெல்லாந்தான சொல்லித் தர்ற. வந்து பாக்கறியா?"

நான் பாடம் எடுப்பது வீட்டு ஒயரிங்கும் பம்ப் செட் மோட்டாரும். வண்டி என் பாடமில்லை என்று சொன்னேன்.

"கரண்டு கரண்டுதான," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். 

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் என் கணவர். ஞாயிறு கடை லீவு. பைக்கில் கொண்டுவந்து, அண்ணன் வீடு இருக்கும் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக இறக்கிவிட்டார். "நான் இங்கயே டீ குடிச்சிட்டு இருக்கேன். முடிஞ்சதும் போன் பண்ணு," என்றார். வீட்டுக்கு வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நானில்லை.

அண்ணி வாசலில் நின்று "வாங்க" என்றாள். முன்பெல்லாம் "வா பாப்பா" என்பாள்.

ஜீப் தகரக் கொட்டகையில் நின்றது. நான் பிறப்பதற்கு முன் அப்பா சர்க்கார் ஏலத்தில் எடுத்த பெட்ரோல் வண்டி. அப்பா போன பிறகு அதில் கோழி அடைந்துகொண்டிருந்தது. அண்ணன் அதைத் தனித்தனியாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, தகரம் வைத்து ஒட்டி, தன் கையாலேயே பச்சைப் பெயின்ட் அடித்திருந்தான். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் உள்பக்கம்கூடப் பளபளத்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்காக அவன் போடும் ரோட்டோரக் கடைக்குத் தண்ணீர் டிரம்மும் அண்டாக்களும் ஏற்றிப்போக ஆசை. அதற்கு வண்டி ரோட்டில் ஓடலாம் என்கிற எஃப்.சி. சான்று வாங்க வேண்டும்.

"இந்தத் தடவ எஃப்.சி. ஆவலன்னா காயலாங்கடைதான்," என்றான், வண்டியைப் பார்த்தபடி.

எஞ்சினைச் சுற்றிவிடுகிற செல்ஃபை அமுக்கிக் காட்டினான். டக் என்று ஒரு சத்தம். எஞ்சின் சுற்றவில்லை. டாஷ்போர்டில் சோக் குமிழ் இருக்கும் இடத்திலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. சோக்கை இழுக்கிற கேபிளைத் தொட்டேன். சுட்டது. அந்தக் கேபிளுக்கும் கரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது வெறும் இரும்புக் கம்பி.

"இதையே ரெண்டு தடவ மாத்தியாச்சு," என்றான் அண்ணன். "பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டாரையும் பிரிச்சுப் பாத்துட்டாங்க, நல்லாத்தான் கீதாம்."

நான் பேட்டரி முனைகளைத் தேய்த்து இறுக்கினேன். ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து எங்காவது உரசுகிறதா என்று பார்த்தேன். கரண்டைச் செல்ஃபுக்குத் திறந்துவிடுகிற சோலினாய்டைச் சோதித்தேன். ஒருவர் பட்டனை அமுக்க வேண்டும், ஒருவர் மீட்டரைப் பிடிக்க வேண்டும்.

"அமுக்கவா?"

"அமுக்கு."

"விடவா?"

"விடு."

மதியம் வரை எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். மீட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. வண்டி மட்டும் கிளம்பவில்லை. அண்ணி சாப்பிடச் சொன்னாள். கணவர் ரோட்டில் காத்திருப்பதால் முடியாது என்றேன். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் முழுக்க அந்தக் கேபிள் மண்டைக்குள்ளேயே இருந்தது. கரண்டு ஓடாத கம்பி சூடாகாது. அப்படியென்றால் அதில் ஓடுகிறது. போவதற்கு அங்கே வழி கிடையாது. திரும்பி வருவதற்கு? மோட்டார் வகுப்பில் பிள்ளைகளிடம் நானே சொல்வது, கரண்டு போனால் போதாது, பேட்டரிக்குத் திரும்ப வேண்டும் என்று. நான் போகிற பாதையை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு போனதும் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் மேலும் வைத்தேன். "அமுக்குண்ணா," என்றேன். அண்ணா என்ற சொல் தானாக வந்துவிட்டது. அவன் ஒரு நொடி தாமதித்து அமுக்கினான்.

ஒன்றும் காட்டக் கூடாத இடத்தில் பாதி பேட்டரி அளவுக்கு வோல்டேஜ் காட்டியது.

எஞ்சின் ரப்பர் துண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து கரண்டு சேஸிஸ் வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப ஒரு செம்புப் பின்னல் பட்டை உண்டு. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பட்டை இருந்தது, புதிதாகவே இருந்தது. போல்ட்டும் இறுக்கமாக இருந்தது.

"இத நீ கழட்டினியா?"

"எல்லாத்தையுந்தான் கழட்டினேன். பெயின்ட் அடிக்கணும்ல."

"அடிச்ச பெறகு மாட்டினியா?"

"ஆமா. காய வெச்சுத்தான் மாட்டினேன்."

பெயின்ட் மேல் பட்டை உட்கார்ந்திருந்தது. பெயின்ட்டில் கரண்டு போகாது. எஞ்சினுக்கு வந்த கரண்டெல்லாம் திரும்பிப் போக, எஞ்சினையும் டாஷ்போர்டையும் இணைத்திருந்த அந்த மெல்லிய சோக் கேபிளைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் அது சுட்டது. இதைச் சொன்னதும் அண்ணன் என் பக்கத்தில் வந்து தரையில் படுத்து அந்த இடத்தைப் பார்த்தான்.

"கம்மியா அடிச்சிருக்கணுமா?"

"இந்த எடத்துல மட்டும் அடிச்சிருக்கவே கூடாது. மத்ததெல்லாம் நல்லா அடிச்சிருக்க."

 உப்புத்தாள் எடுத்துவந்து அவனே சுரண்டினான். எவ்வளவு பார்த்துப் பார்த்து அடித்திருப்பான் என்று தெரியும் எனக்கு. பச்சை போய் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை நிறுத்தவில்லை. பட்டையை மாட்டினோம். செல்ஃபை அமுக்கியதும் எஞ்சின் சுற்றி, இருமி, பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்கப் பெட்ரோல் நாற்றம். அண்ணி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பேட்டரி எறங்கியிருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டினாத்தான் சார்ஜ் ஏறும்," என்றேன்.

அண்ணன் ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தான். "ஏறு. வீட்ல விட்டுட்டு வரேன்."

இந்த ஞாயிறும் டீக்கடையில் காத்திருந்த கணவருக்குப் போன் செய்து சொன்னேன். டீக்கடையைத் தாண்டும்போது அண்ணன் வேகத்தைக் குறைத்தான், நிறுத்தவில்லை. கணவர் பைக்கில் பின்னாலேயே வந்தார். டவுனைக் கடந்து வேங்கிக்கால் வரை நாங்கள் பேசியதெல்லாம் சார்ஜ் ஏறுகிறதா என்று காட்டும் ஆம்பியர் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தான். கணவர் பைக்கை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து, "உள்ள வாங்க, காபி சாப்டுட்டுப் போலாம்," என்றார்.

"நிறுத்தினா மறுபடி எடுக்குமான்னு தெரியல," என்றான் அண்ணன்.

"எடுக்கும்," என்றேன்.

அவன் சாவியைத் திருப்பினான். தெருவில் சட்டென்று சத்தம் அடங்கியது. உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். காபியை ஆற்றி ஒரு வாய் குடித்தான். பிறகு கணவரிடம், "கலெக்டர் ஆபீசுல கூட்டம் ஜாஸ்தியா இருக்குமா?" என்று கேட்டான்.

"திங்கக்கெழம ஜாஸ்திங்க. மனு நாள்."

"அப்ப ஜெராக்ஸ் நல்லா ஓடும்."

"ஓடும்ங்க."

கிளம்பும்போது எங்கள் இருவரையும் பார்த்து "வரேன்" என்றான். ஜீப் ஒரே அமுக்கில் எடுத்தது. அவன் வந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காபி, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். 

எஃப்.சி. கிடைத்தது. என் கல்யாணத்தைப் பற்றியும், அம்மாவின் காரியத்தன்று பேசாமல் இருந்ததைப் பற்றியும் நாங்கள் இதுவரை பேசவில்லை. பேசுவோம் என்றும் தோன்றவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் வைப்பர் பாதியில் நிற்கிறது என்று வண்டியை எங்கள் வீட்டுக்கே ஓட்டிவந்தான். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அண்ணன் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டிருந்தான். கணவர் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அமுக்கவா, விடவா என்று குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் அடுத்த தாளை எடுத்தேன்.