ஒரே கையெழுத்தில் இரண்டு வாக்குமூலம்

எங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் பெண் சாட்சி தேவைப்பட்டபோதெல்லாம் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அங்கே பெண் போலீஸ் இல்லாத காலம் அது. விபசார வழக்கில் ஒரு வீட்டைச் சோதனை போடுவதென்றால், அந்தப் பகுதியில் மதிப்போடு வாழும் பெண் ஒருத்தி கூட இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறாதவள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். இவற்றையெல்லாம்விடப் பெரிய தகுதி ஒன்று உண்டு. "அந்த இடத்துக்கெல்லாம் நீ எதற்குப் போகிறாய்" என்று கேட்க என் வீட்டில் ஆள் இல்லை. அம்மா இறந்தபின் குன்னூர்ச் சரிவில் இரண்டு அறை வீட்டில் தனியாகத்தான் இருந்தேன்.

நான்கு வருடங்களில் ஆறு முறை போனேன். முதல் ஐந்து முறைகளைப் பற்றி என் நாட்குறிப்பில் நேரமும் இடமும் மட்டுமே உள்ளன. ஆறாவது முறை, தகரக் கதவைத் திறந்து வெளியே வந்தவளை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

அவை இலங்கையிலிருந்து கப்பல் வந்துகொண்டிருந்த வருடங்கள். அங்கே தேயிலைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பினார்கள். மண்டபம் முகாமில் இறங்கி, அங்கிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர்களின் தாள்களைப் பார்ப்பது எங்கள் பிரிவு. அவள் முந்தைய வருடம் என் ஜன்னலுக்கு வந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். தனி ஆள் என்று அவளுடைய குடும்ப அட்டை சொன்னது. உண்மையில் அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். கணவன் இறந்த சமயத்தில் பிள்ளையை அக்கா வீட்டில் விட்டிருக்கிறாள். விண்ணப்பம் எழுத வந்தவர், அன்று பிள்ளை எந்த வீட்டில் இருந்ததோ அந்த வீட்டுத் தாளில் அதன் பெயரை ஏற்றிவிட்டார். தாய்க்கு முதலில் கப்பல் வந்தது. அக்கா குடும்பத்துக்கு இன்னும் வரவில்லை.

"கிளாக்கம்மா, அட்ரஸ தெளிவா எழுதுங்க. அக்கா வந்து எறங்குனதும் முகாம்லேருந்து எனக்குக் கடுதாசி போடுவாங்களாம். நான் போய் நின்னாத்தான் புள்ளய எங்கூட விடுவாங்க. இல்லாட்டி அவங்களுக்கு வேலை கெடைக்கிற ஊருக்கு அதையும் ஏத்தி அனுப்பிருவாங்க."

"எழுதியாச்சு. வீடு மாறினா உடனே இங்க வந்து சொல்லணும்."

"நான் எங்கம்மா மாறப் போறேன்? ஒழுகுனாலும் அந்த ரூம்லயேதான் கெடப்பேன்."

அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை வந்து, கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போவாள். ஜெகதளாப் பக்கம் ஒரு தோட்டத்தில் தற்காலிகமாகக் கொழுந்து பறிப்பதாகச் சொல்லியிருந்தாள். பிறகு அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் கேட்கவில்லை.

சோதனை ஒரு புதன்கிழமை மதியம் மூன்றே கால் மணிக்கு. மூடுபனி இறங்கியிருந்தது. அறையில் ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கயிற்றில் காயும் இரண்டு சேலை. உள்ளே இருந்த ஆணின் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. அவன் மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். அவள் என்னைப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

ஸ்டேஷனில் எழுதுகிற ஏட்டு லீவில் இருந்தார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் தாளைத் தள்ளினார்.

"ஏனுங்கம்மா, உங்க கையெழுத்து நல்லா இருக்குமுங்க. நீங்களே எழுதிப் போடுங்க." பிறகு அவளிடம் திரும்பினார். "ஏம்மா, நீயா இதுக்கு வந்தியா, யாராச்சும் கட்டாயப்படுத்தித் தள்ளி உட்டாங்களா? ஒரே வார்த்தைல சொல்லு."

"ஒரே வார்த்தைல எப்படிங்கய்யா சொல்றது?"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தார். "எத்தன லாரி நின்னுதுன்னு கேளுங்க சார். அத டக்குனு சொல்லுவா."

"லாரி மட்டுமாண்ணே? ரெண்டு தடவ ஒரு சைக்கிளும் நின்னுச்சு. பின்னாடி சிவப்பு லைட்டு ஒடஞ்ச சைக்கிளு. அதையும் கிளாக்கம்மாவ எழுதச் சொல்லட்டுமா?"

கான்ஸ்டபிள் மழை வருகிறதா பார்க்க வெளியே போனார். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்களே கேட்டு எழுதுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவரும் எழுந்து போனார்.

அவள் சொன்னதை அன்று வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதிலிருந்து பார்த்தே இங்கே எழுதுகிறேன்.

"அங்க சிலோன்ல காலைல ஆறு மணிக்குப் பெரட்டுக்களத்துல நிப்போம். கணக்கப்புள்ள பேரு கூப்பிட்டு வேலைக்குப் பிரிச்சு விடுவாரு. பதினாலு வயசுலேருந்து நின்னேன். மழையில அட்டை கடிச்சு காலெல்லாம் ரத்தம் ஓடும். ஒரு தொரையாவது, 'ஏம்மா, விருப்பப்பட்டுத்தான் வந்தியா'ன்னு கேட்டிருப்பாரா? இன்னிக்குத்தாம்மா மொதமொதல்ல ஒருத்தர் கேக்குறாரு."

"அப்படின்னா இது உன் விருப்பம்தானா?"

"அவசரப்படாதீங்க. இங்க தோட்டத்துல ஒரு சூப்பர்வைசரு. தற்காலிகப் பேரு போடுறது அவன் கையில. அவன் கூப்பிட்டு போகலைன்னா மறுநாள் எனக்குப் பேரு இல்ல. அவன வேணாம்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. அது கட்டாயந்தான், எழுதிக்குங்க. அப்புறம் அந்த வேலையே வேணாம்னு விட்டுட்டு வந்துட்டேன். இப்ப வர்றவங்கள ஜன்னல் வழியா பாத்துட்டுத்தான் கதவத் தொறப்பேன். குடிச்சிருந்தா தொறக்க மாட்டேன். பல பேர திருப்பி அனுப்பியிருக்கேன். அதுல யாரு என்னயக் கட்டாயப்படுத்துனா? யாரும் இல்ல."

விரல் நகத்தில் படிந்திருந்த அடுப்புக் கரியைச் சுரண்டினாள்.

"ஆனா எம் புள்ள பக்கத்துல இருந்து, கையில ஒரு நெரந்தர வேலையும் இருந்தா, அப்பவும் அந்தக் கதவத் தொறப்பியான்னு கேட்டீங்கன்னா, தொறக்க மாட்டேன். இத எந்தப் பக்கம் எழுதுவீங்க?"

என் முன்னால் இருந்த தாளில் அதற்கு ஒரு வரிதான் இடம் இருந்தது. அதைச் சொன்னேன்.

"எதையாவது எழுதுங்கம்மா. நான் ரூமுக்குப் போயிரணும். தபால்காரரு வந்து ஆள் இல்லன்னு திரும்பிரக் கூடாது."

சோதனைக்கு ஜீப்பில் போகும்போதே இன்ஸ்பெக்டர் எனக்கு விளக்கியிருந்தார். சுயவிருப்பம் என்றால் வழக்கு, தண்டனை. கட்டாயம் என்றால் அவள் குற்றவாளி ஆக மாட்டாள். கோயம்புத்தூரில் ஒரு காப்பகத்துக்கு அனுப்புவார்கள். சாப்பாடும் தையல் வேலையும் கொடுப்பார்கள். இது அவளுக்கு நல்லது என்று நினைத்தேன். அதோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு பெண் தானாக அந்தக் கதவைத் திறப்பாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அவள் சொல்லக் கேட்ட பிறகும் நம்ப முடியவில்லை. என் கதவைத் தட்டுகிறவர் அன்று பால்காரர் ஒருவர்தான். அதை வைத்துக்கொண்டு நான் அவளுடைய கதவை அளந்தேன்.

'பிறர் கட்டாயத்தால்' என்று எழுதினேன்.

"என்னம்மா எழுதுனீங்க?"

"உனக்கு நல்லதா எழுதியிருக்கேன்."

அவள் கையெழுத்துப் போட்டாள். மெதுவாக, எழுத்துக் கூட்டி. படித்துக் காட்டச் சொல்லவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை.

மறுநாள் மாஜிஸ்திரேட் அவளை ஒரு வருடத்துக்குக் காப்பகத்துக்கு அனுப்பினார். முகவரியைப் பற்றி அவள் கோர்ட்டில் ஏதோ சொல்ல முயன்றதாகவும், அவளைப் பேசவிடவில்லை என்றும் பிறகு தெரிந்தது. நான் அன்று கோர்ட்டுக்குப் போகவில்லை. என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு எதிரே 'நல்ல முடிவு' என்று இருக்கிறது. ஏன் அந்த முகவரி எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உண்மையில் நினைவுக்கு வந்தது. காப்பகத்திலிருந்தே முகாமுக்குப் புது முகவரியை எழுதிவிடுவார்கள் என்று நினைத்தேன். அலுவலகத்தில் இருபது வருடம் இருந்த ஒருத்தி அப்படி நினைத்தது மன்னிக்கக் கூடியதல்ல.

இரண்டரை மாதம் கழித்து, முகாமிலிருந்து அவளுக்குப் போன கடிதத்தின் நகல் எங்கள் பிரிவுக்கு வந்தது. கடிதம் 'ஆள் இல்லை' என்று திரும்பிவிட்டதாக மேலே குறிப்பு. அக்கா குடும்பம் வந்து இறங்கிவிட்டது. உடன் ஒரு பெண் குழந்தை. நான் உடனே முகாமுக்குத் தந்தி கொடுத்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. உறவினர் யாரும் வராததால், குடும்பம் முழுவதும் திருநெல்வேலிப் பக்கம் ஒரு நூற்பாலைக்கு ஒதுக்கப்பட்டு, கிளம்பியும் போயிற்று.

அந்தச் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் போனேன். காப்பகத்தில் தையல் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவள் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையில் வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"கடுதாசி வந்துருச்சா?"

வந்ததையும், திரும்பியதையும், அவர்கள் போய்விட்டதையும் வரிசையாகச் சொன்னேன். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. அவள் அழவில்லை. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கட்டாயம்னு எழுதுனது நீங்கதான?"

"ஆமா."

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லல. உனக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

"தெரியும். அதான் எனக்குப் பயமா இருக்கு. கெட்டது நெனச்சு வர்றவங்ககிட்ட வேணாம்னு சொல்லப் பழகிட்டேன். நல்லது நெனச்சு வர்றவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இன்னும் தெரியல."

காப்பகத்து வார்டன் வந்தார். அவர் விஷயம் தெரிந்தவர். "இங்கிருந்து வெளிய போறதுக்கு ஒரே வழிதானுங்க. என் விருப்பத்துலதான் பண்ணுனேன், கட்டாயம் இல்லைன்னு கோர்ட்டுக்கு மனு எழுதணும். அபராதம் போட்டு உட்டாலும் உடுவாங்க. ஜெயிலுக்கு அனுப்புனாலும் அனுப்புவாங்க. உறுதி சொல்ல முடியாதுங்க."

"எழுதுங்க கிளாக்கம்மா," என்றாள் அவள்.

"அதுவும் முழு உண்மை இல்லையே."

"முழுசா அன்னிக்கே சொன்னேன். தாள்ல எடமில்லன்னீங்க."

பேனாவை எடுத்தேன். சுயவிருப்பத்தோடு என்று எழுதினேன். அந்தக் காப்பகத்திலிருந்து வெளியே போவதற்கு அவளுக்கு அதைத் தவிர வேறு சொல் இல்லை. இந்த முறை படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். சூப்பர்வைசரைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். வார்டன் வேண்டாம் என்றார். சேர்த்தால் மறுபடி கட்டாயம் ஆகிவிடுமாம்.

மனு விசாரணைக்கு வந்தபோது எங்கள் ஊர்க் கோர்ட்டில் அதே மாஜிஸ்திரேட் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னைக் கூண்டில் ஏறச் சொன்னார்.

"ரெண்டும் உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க ஐயா."

"எதும்மா உண்மை?"

"முதல் தாளில் இருப்பது அவர் சொன்ன வார்த்தை இல்லை. நானாக எழுதியது."

"அப்போ இது?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மாஜிஸ்திரேட்டின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அவர் எழுதச் சொன்னது, ஐயா."

அவர் என்னைத்தான் அதிக நேரம் திட்டினார். படித்த பெண், அரசு ஊழியர், கோர்ட்டை என்னவென்று நினைத்தீர்கள் என்றார். எல்லாம் சரியே. அவளை அபராதத்தோடு விட்டுவிட்டார். எனக்கு அலுவலகத்தில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதன்பிறகு ஸ்டேஷனிலிருந்து என்னைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் பெஞ்சில் வழக்கமாக உட்காரும் இரண்டு பேர் முன்வரிசைக்குப் போய்விட்டார்கள். நான் எப்படிப்பட்டவளோடு சேர்ந்துவிட்டேன் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

அன்று கோர்ட்டிலிருந்து நேராகப் பஸ் நிலையத்துக்கு வந்தோம். நூற்பாலையின் முகவரியை அவள் வாயாலேயே மூன்று முறை சொல்ல வைத்தேன். தாளிலும் எழுதிக் கொடுத்தேன். திருநெல்வேலி வரை நானும் வருகிறேன், இரண்டு நாள் லீவு இருக்கிறது என்றேன்.

"வேணாம்மா. அக்கா கேட்டா உங்கள யாருன்னு சொல்றது?"

சிநேகிதி என்று சொல்லலாம் என்று ஒரு கணம் வாய் வரை வந்தது. அவள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் நகரும்போது அவள் கண்டக்டரிடம் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏழு மணிக்குள் வீடு வந்தேன். அன்றைய பக்கத்தில் பஸ் நேரங்கள் தவிர வேறு எதுவும் எழுதவில்லை.

நான்கு மாதம் கழித்து அந்த மாவட்டத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அக்கா குடும்பத்தோடு அவளுடைய கோப்பையும் சேர்த்து வைக்க வேண்டுமாம், அனுப்பித் தரவும் என்று கேட்டிருந்தார்கள். உடன் வசிப்பவர்கள் என்ற இடத்தில் மகள் பெயரும், அதற்குக் கீழே 'குழந்தையின் தாய்' என்று அவள் பெயரும் இருந்தன. கடைசியில் அவள் கையெழுத்து. எழுத்துக் கூட்டிப் போட்டதேதான்.

கோப்பைக் கட்டும்போது ஒரு சிறு சீட்டில் 'நலமா' என்று எழுதி உள்ளே வைக்க நினைத்தேன். எழுதியும்விட்டேன். ஆனால் அங்கே உறையைப் பிரிப்பது வேறொரு எழுத்தராக இருப்பார். இது யார், எதற்கு எழுதுகிறார் என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்பார். அவள் அந்த ஜன்னலில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சீட்டைக் கிழித்தேன். கோப்பை நான்கு முனையும் சமமாக அடுக்கி, நூல் கட்டி, அரக்கு வைத்தேன். மதியத் தபாலில் அது போயிற்று.